பேச்சின் இசையைக் கேட்டவர்: லெயோஷ் யானாச்செக்

1903ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். மொராவியாவின் தலைநகரான பிர்னோவில் ஒரு வீடு. கட்டிலில் இருபது வயதுப் பெண்ணொருத்தி மரணத்தோடு போராடிக்கொண்டிருக்கிறாள். அருகில் அவளுடைய தந்தை. மகள் தட்டுத் தடுமாறிச் சொல்லும் சொற்களையும் அவள் விடும் பெருமூச்சையும் அவர் இசைக் குறியீடுகளாக எழுதிக்கொள்கிறார்.

நேயர்களே, இந்தச் செய்தியை முதன்முதலாக அறியும்போது நம்மிற் பலருக்கு மனம் அதிரத்தான் செய்யும். பெற்ற மகள் சாகும் வேளையிலும் சுரம் எழுத ஒரு தகப்பனால் முடியுமா? இது பாசமா, அல்லது கலையின் பெயரால் வந்த கல்நெஞ்சமா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே அந்தத் தந்தையின் வாழ்க்கையை இன்று பார்ப்போம்.

அவர் பெயர் லெயோஷ் யானாச்செக். செக் இசைக்கு உலகப் புகழ் தேடித் தந்த முன்னோர்கள் ஸ்மெத்தனாவும் த்வொர்ஷாக்கும் ஆவர். அவர்களுக்குப் பின் அந்த இசையை இருபதாம் நூற்றாண்டின் நவீனத்துவத்துக்குள் கொண்டு வந்தவர் யானாச்செக். எனினும் அறுபத்திரண்டாவது வயதை நெருங்கும்வரை பிராக் நகரத்து இசையுலகம் அவரைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அவர் உலகத்துக்குத் தெரிய வந்ததும், தம்முடைய மிகச் சிறந்த படைப்புகளைத் தந்ததும், மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதிலேதான்.

பள்ளிக்கூட வீட்டுப் பிள்ளை

யானாச்செக் 1854ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் திகதி ஹுக்வால்டி என்ற கிராமத்தில் பிறந்தார். பிறந்த இடம் கிராமத்துப் பள்ளிக்கூடம். தகப்பனார் அங்கே ஆசிரியர். அக்காலத்துக் கிராமத்து ஆசிரியர் பாடம் சொல்லிக் கொடுப்பதோடு நின்றுவிட முடியாது. கோவிலில் ஓர்கன் வாசிக்க வேண்டும், பாடகர் குழுவைப் பயிற்ற வேண்டும். ஆகவே பிள்ளைகள் நிறைந்த அந்த வறிய வீட்டில் இசைக்கு மட்டும் குறைவிருக்கவில்லை.

பதினொரு வயதில் சிறுவன் லெயோஷை பிர்னோ நகரில் இருந்த அகுஸ்தீனியர் சபையின் புனித தோமையார் மடாலயத்துக்கு அனுப்பினார்கள். அங்கு கோவிற் பாடகனாக இருந்து படிக்கலாம். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் செலவில்லை. அடுத்த ஆண்டே தகப்பனார் இறந்துபோனார். மடாலயத்தில் பாவெல் கிரிஷ்கொவ்ஸ்கி என்ற துறவி அவருக்கு இசை ஆசானாக வாய்த்தார்.

இந்த மடாலயத்தின் பெயரைக் கேட்டதும் விஞ்ஞானம் படித்த நேயர்களுக்கு வேறொருவரின் நினைவு வந்திருக்கும். பட்டாணிச் செடிகளை வளர்த்து, அவற்றின் பூவையும் விதையையும் எண்ணி எண்ணிப் பரம்பரை விதிகளைக் கண்டறிந்த கிரெகர் மெண்டல் வாழ்ந்தது இதே மடாலயத்திற்றான். 1868இல் அவர் அதன் அதிபரானார். 1884இல் மெண்டல் காலமானபோது இறுதிச் சடங்கில் இசையை நடத்தியவர் யானாச்செக். ஒருவர் தோட்டத்திலே பட்டாணியை எண்ணினார். மற்றவர் பின்னாளில் தெருவிலே மனிதரின் குரலைக் குறித்தார். மற்றவர்கள் அற்பமென்று கடந்துபோகும் ஒன்றை ஆண்டுக்கணக்காகப் பொறுமையோடு கவனிக்கும் பழக்கம் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

பின்னர் பிராக்கில் ஓர்கன் பாடசாலையிற் படித்த காலத்தில் யானாச்செக்கிடம் பியானோ வாடகைக்கு எடுக்கவும் பணமில்லை. மேசையின் மேல் பியானோக் கட்டைகளை வரைந்து வைத்துக்கொண்டு அதிலே விரல்களைப் பழக்கினார் என்று சொல்வார்கள். லைப்சிக்கிலும் வியன்னாவிலும் சிறிது காலம் பயின்றார். எந்த இடத்திலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. மீண்டும் பிர்னோவுக்கே வந்து ஆசிரியரானார். 1881இல் அந்நகரில் ஓர்கன் பாடசாலையொன்றை நிறுவும் முயற்சிக்கு முன்னின்று, அதன் பணிப்பாளராக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்தார்.

மொழியும் ஒரு போராட்டமே

அந்நாளில் செக் மக்களுக்கெனத் தனிநாடு இல்லை. பொஹீமியாவும் மொராவியாவும் ஒஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசின் பகுதிகள். பிர்னோ நகரின் நிர்வாகமும் வர்த்தகமும் பெரும்பாலும் ஜேர்மன் மொழியினரின் கையில் இருந்தன. சுற்றுக் கிராமங்களில் வாழ்ந்தவர்களும் ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களும் செக் மொழி பேசினார்கள். உயர்ந்தோர் மொழி ஜேர்மன், வேலைக்காரர் மொழி செக் என்ற எண்ணம் நிலவிய காலம் அது.

யானாச்செக் இந்த விடயத்தில் சற்றும் விட்டுக்கொடாதவர். 1881இல் அவர் மணந்த ஸ்தெங்கா ஜேர்மன் பேசும் சூழலில் வளர்ந்தவர். பதினாறு வயது நிரம்பாத மாணவி. மனைவியின் வீட்டாரோடு மொழியின் பேரால் அவருக்கு எழுந்த பிணக்கு அந்தக் குடும்ப வாழ்க்கையின் தொடக்கத்திலேயே கீறலை ஏற்படுத்தியது.

ஆனால் அவருடைய மொழிப்பற்று வெறும் கோஷமாக நிற்கவில்லை. 1888 முதல் பிரந்திஷெக் பார்தோஷ் என்ற நாட்டாரியல் அறிஞரோடு சேர்ந்து மொராவியக் கிராமங்களில் நாட்டார் பாடல்களைச் சேகரிக்கத் தொடங்கினார். இருவரும் இணைந்து வெளியிட்ட பெருந்தொகுப்பில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உண்டு. பின்னர் 1909 முதல் எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு மெழுகு உருளைகளிலும் கிராமத்தவரின் குரல்களைப் பதியச் செய்தார்.

பாடல்களைத் தேடிப் போனவருக்கு அங்கே வேறொன்றும் கிடைத்தது. பாடலுக்கு மூலம் பேச்சு என்று அவர் உணர்ந்தார். பாடும் பெண், பாட்டு முடிந்ததும் அயலவளோடு கதைக்கிறாள். அந்தக் கதையிலும் ஒரு மெட்டு இருக்கிறது. கோபத்தில் ஒரு மெட்டு, கெஞ்சலில் இன்னொன்று. நாமே 'வந்திட்டியா?' என்ற ஒரே சொல்லை எத்தனை விதமாகச் சொல்கிறோம்? காத்திருந்த தாய் சொல்வது ஒரு விதம், கடன்காரன் சொல்வது இன்னொரு விதம். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே விழுகிறது, எந்த அசையில் தங்குகிறது என்பதைக் கேட்டால் சொன்னவரின் மனநிலை வெளிப்பட்டுவிடும்.

1897ஆம் ஆண்டளவிலிருந்து யானாச்செக் இதனை ஒழுங்காகக் குறிக்கத் தொடங்கினார். சந்தையில் மரக்கறி விற்பவள், புகையிரத நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்கள், தெருவில் விளையாடும் சிறுவர்கள் என எவர் பேச்சையும் விடவில்லை. சொல்லை எழுதி, அதன் மேலே ஐந்து கோட்டில் சுரங்களையும் இட்டு, பல இடங்களில் நாள், இடம், பேசியவரின் நிலை ஆகியவற்றையும் குறித்து வைத்தார். பறவைகளின் கூவலும் அவர் வளர்த்த நாயின் குரைப்பும்கூட அந்தக் கொப்பிகளில் உண்டு. இறுதிக் காலத்தில், பேச்சின் ஒவ்வோர் அசையும் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதை அளப்பதற்காக, விஞ்ஞானிகள் பயன்படுத்தும் நுண்மையான நேரமானியொன்றையும் வாங்கினார். இந்தப் பழக்கம் முப்பது ஆண்டுகள், அவர் இறக்கும்வரை தொடர்ந்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். சந்தையில் குறித்த மெட்டை அப்படியே எடுத்து அவர் தம் இசை நாடகங்களில் ஒட்டவில்லை. அது களவு என்றே அவர் கருதினார். ஓவியன் தெருவில் கண்ட முகங்களைக் கோட்டுச் சித்திரமாக வரைந்து வரைந்து கை பழகிய பின், தன் கற்பனை மாந்தருக்கு முகம் கொடுக்கிறான் அல்லவா? அதுபோல இவர் செவியைப் பழக்கினார். மனித உள்ளத்தைப் பார்க்கும் சாளரம் பேச்சின் மெட்டு என்பது அவருடைய நம்பிக்கை.

யெனூபா

இந்தப் பழக்கத்தின் முதற் பெருவிளைவு 'யெனூபா' என்னும் இசை நாடகம். கப்ரியேலா பிரெய்சோவா என்ற பெண் எழுத்தாளர் 1890இல் மேடையேற்றிய நாடகமே அதன் மூலம். செக் மொழியில் அதன் பெயர் 'அவளுடைய வளர்ப்பு மகள்' என்று பொருள்படும். கதை ஒரு மொராவியக் கிராமத்தில் நடக்கிறது. யெனூபா என்ற பெண் மணமாகாமலே கர்ப்பமாகிறாள். காதலன் அவளைக் கைவிடுகிறான். ஊரிலே மதிப்போடு வாழும் அவளுடைய சிற்றன்னை, மகளின் மானத்தைக் காக்க வேண்டும் என்ற வெறியில், பிறந்த குழந்தையை உறைந்த ஆற்றின் பனிக்கட்டிக்குக் கீழே அமிழ்த்திவிடுகிறாள். யெனூபாவிடம் குழந்தை நோயால் இறந்தது என்று சொல்கிறாள். வசந்தம் வருகிறது; பனி உருகுகிறது; குழந்தையின் உடல் வெளிப்படுகிறது. சிற்றன்னை ஊரார் முன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். யெனூபா அவளை மன்னிக்கிறாள்.

அதுவரை பெரும்பாலான இசை நாடகங்களுக்குச் செய்யுளே எழுதப்பட்டது. யானாச்செக் பிரெய்சோவாவின் உரைநடையை அப்படியே எடுத்து இசையமைத்தார். அரண்மனையும் புராணமும் இல்லாத மேடையில், ஆலைக்காரரும் கிழவியரும் தங்கள் பேச்சு மொழியிலேயே பாடினார்கள். இன்று நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. அன்று அது துணிச்சலான காரியம்.

1894இல் தொடங்கிய இந்த வேலைக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. அதற்கு முன்பே, 1890இல், யானாச்செக் தம்பதியரின் மகன் விளாதிமீர் இரண்டரை வயதில் இறந்துவிட்டான். எஞ்சிய ஒரே பிள்ளை ஒல்கா. ரஷ்ய மொழியில் ஆர்வங்கொண்ட அவள் 1902இல் சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்த சிறிய தகப்பனாரின் வீட்டுக்குச் சென்றாள். அங்கே நெருப்புக் காய்ச்சல் கண்டது. ஊருக்குக் கொண்டுவந்தார்கள். உடல் தேறவில்லை.

மகளின் நோய்க்கு நடுவே யானாச்செக் 'யெனூபா'வை எழுதிக்கொண்டிருந்தார். தான் அதை மேடையில் காணப்போவதில்லை என்பதால் இப்போதே வாசித்துக் காட்டும்படி ஒல்கா கேட்டாள் என்றும், தகப்பன் பியானோவில் அமர்ந்து முழுவதையும் வாசித்தார் என்றும் தாய் ஸ்தெங்கா தம் நினைவுக் குறிப்புகளிற் சொல்கிறார். 1903 பெப்ரவரி 26ஆம் திகதி ஒல்கா கண்ணை மூடினாள். அவளுடைய கடைசிச் சொற்கள் தகப்பனின் கையெழுத்தில் சுரங்களோடு எஞ்சின. 'யெனூபா' ஒல்காவின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

மகளைப் புதைத்த துயரத்தோடு படைப்பைப் பிராக் தேசிய அரங்குக்கு அனுப்பினார். அவர்கள் ஏற்க மறுத்துவிட்டார்கள். அரங்கின் இசைத் தலைவர் காரெல் கொவர்ஷொவிட்ஸ். அவருடைய இசை நாடகமொன்றை 1887இல் யானாச்செக் கடுமையாகக் கண்டித்து விமர்சனம் எழுதியிருந்தார். அந்தப் பழைய காயம் மறுப்புக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது பலரின் எண்ணம். விமர்சனம் எழுதுபவர்களும் வாங்கிக் கட்டுபவர்களும் எங்கும் இப்படித்தான் போலும்! கடைசியில் 1904 ஜனவரி 21ஆம் திகதி பிர்னோவின் சிறிய செக் அரங்கில் 'யெனூபா' மேடையேறியது. வாத்தியக் குழு போதாது. ஆனாலும் ஊர் மக்கள் கொண்டாடினார்கள். பிராக் அசையவில்லை.

ஆற்றில் எறிந்த இசை

1905ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பிர்னோவில் செக் மொழிப் பல்கலைக்கழகம் வேண்டுமெனக் கோரி மக்கள் திரண்டார்கள். ஜேர்மன் தரப்பினர் எதிர்த்துத் திரண்டனர். இராணுவம் வரவழைக்கப்பட்டது. பிரந்திஷெக் பாவ்லிக் என்ற இளம் தொழிலாளி துப்பாக்கி முனைக் கத்தியால் குத்துண்டு இறந்தான். பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் வாய்ப்பே இல்லாத ஒரு தச்சுத் தொழிலாளி பல்கலைக்கழகத்துக்காக உயிர் கொடுத்தான்.

யானாச்செக் உடனே பியானோவுக்கு ஒரு சொனாட்டா எழுதினார். அதன் பெயர் ஒரு திகதி: '1.10.1905'. மூன்று பகுதிகள். முதல் அரங்கேற்றத்துக்குச் சற்று முன்னதாக, மூன்றாம் பகுதியான மரண ஊர்வல இசை தமக்குத் திருப்தியாயில்லை என்று அதைக் கிழித்து நெருப்பில் போட்டார். சில காலத்தின் பின் மற்ற இரு பகுதிகளையும் பிராக்கில் வெல்டாவா ஆற்றில் எறிந்தார். தாள்கள் அன்னங்கள்போல் மிதந்து போயின என்று அவரே பின்னர் நினைவுகூர்ந்தார்.

நல்ல வேளையாக, அதை முதலில் வாசித்த லுத்மிலா துச்கோவா என்ற பியானோக் கலைஞர் அவ்விரு பகுதிகளையும் முன்னரே பிரதி செய்து வைத்திருந்தார். இசையமைப்பாளருக்கு எழுபது வயதான 1924இல்தான் அவர் இதை வெளிப்படுத்தினார். இன்று அந்த இரண்டு பகுதிகளும் உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன. மூன்றாவது பகுதியை இனி எவரும் கேட்க முடியாது.

பாவ்லிக் கேட்ட பல்கலைக்கழகம் செக்கோஸ்லவாக்கியா சுதந்திரமடைந்த மறு ஆண்டான 1919இல் பிர்னோவில் நிறுவப்பட்டது. 1925இல் அதன் முதலாவது கௌரவ கலாநிதிப் பட்டம் யானாச்செக்குக்கு வழங்கப்பட்டது. அதன் பிறகு அந்தப் பட்டத்தைச் சேர்த்தே அவர் கையெழுத்திட்டார். அதில் வெறும் பெருமை மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

காப்காவின் நண்பர்

1916 மே 26ஆம் திகதி, பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பின் பின், பிராக் தேசிய அரங்கில் 'யெனூபா' மேடையேறியது. கொவர்ஷொவிட்ஸ் ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: வேண்டிய இடங்களில் தாமே வெட்டித் திருத்துவார். யானாச்செக் உடன்பட்டார். கிழவருக்கு வேறு வழி என்ன? நாடகம் பெரும் வெற்றி கண்டது. ஆனால் கொவர்ஷொவிட்ஸ் மெருகூட்டிய வடிவமே பல பத்தாண்டுகள் உலக அரங்குகளில் உலவியது. சார்ல்ஸ் மக்கெராஸ் போன்ற இசை நடத்துநர்களின் முயற்சியால் 1980களிலேதான் மூல வடிவம் மெல்ல மெல்ல மீண்டது.

பிராக்கில் இந்த நாடகத்தைக் கேட்டு வியந்தவர்களில் ஒருவர் மக்ஸ் ப்ரொட். காப்காவின் நண்பர், எரித்துவிடும்படி காப்கா சொன்ன கையெழுத்துப் பிரதிகளை எரிக்காமல் உலகுக்குத் தந்தவர். அதே ப்ரொட் யானாச்செக்கைப் பற்றி ஜேர்மன் மொழியில் எழுதினார், 'யெனூபா'வை மொழிபெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்பிலேயே 1918இல் வியன்னாவிலும் 1924இல் நியூயோர்க்கிலும் நாடகம் மேடையேறியது. யானாச்செக்கின் முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் ப்ரொட்தான்.

இதிலுள்ள முரணை இலக்கிய நேயர்கள் கவனித்திருப்பீர்கள். செக் மொழியின் பேச்சோசையிலிருந்து பிறந்த இசை, எந்த ஜேர்மன் மொழிக்கு எதிராகத் தம் மொழியை அவர் நிலைநாட்டினாரோ, அந்த மொழியின் வழியாகவே உலகைச் சென்றடைந்தது. மொழிபெயர்ப்பில் அந்த மெட்டுகளுக்குச் சேதம் ஏற்படத்தான் செய்தது. ஆயினும் செக் மொழி தெரியாதவரையும் அந்த இசை அழவைத்தது. ஒரு மொழியை ஆழத் தோண்டினால் அடியில் எல்லோருக்கும் பொதுவான நீர் ஊறும் என்பதற்கு இதுவே சான்றெனலாம்.

அந்திம காலத்து வசந்தம்

1917இல் லுஹாச்சொவிட்சே என்ற நீரூற்று நகரில் கமிலா ஸ்தொஸ்லோவா என்ற இளம் பெண்ணை யானாச்செக் சந்தித்தார். அவருக்கு 63 வயது. அவளுக்கு 25, மணமானவள், பிள்ளைகளின் தாய். அவளுக்கு இசையில் பெரிய நாட்டமும் இருக்கவில்லை. அன்று தொடங்கி இறக்கும்வரை அவளுக்கு எழுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். பெரும்பாலும் ஒருதலையான அந்த அன்பும், 1918இல் கிடைத்த நாட்டுச் சுதந்திரமும், காலந்தாழ்த்தி வந்த புகழும் சேர்ந்து அவருடைய இறுதிப் பத்தாண்டுகளில் ஒரு வெள்ளத்தைத் திறந்துவிட்டன.

அந்தக் காலத்துப் படைப்புகளின் பின்னால் இலக்கியம் இருப்பதைக் காணலாம். 1921இல் வந்த 'காத்யா கபனோவா' ரஷ்ய நாடகாசிரியர் ஒஸ்திரொவ்ஸ்கியின் நாடகம். 1923இல் எழுதிய முதலாவது நரம்பிசை நால்வர் படைப்பு டோல்ஸ்டோயின் 'குரொய்ட்சர் சொனாட்டா' கதையைப் படித்த தாக்கத்தில் பிறந்தது. 1926இல் மேடையேறிய 'மக்ரோபுலொஸ் விவகாரம்', 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்த காரெல் சாப்பெக்கின் நாடகம். கடைசிப் படைப்பு தஸ்தாயெவ்ஸ்கியின் சைபீரியச் சிறை அனுபவ நூலைத் தழுவிய 'மரண வீட்டிலிருந்து'.

பத்திரிகை வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் ஒரு செய்தியும் உண்டு. பிர்னோவில் 'லிதொவே நொவினி', அதாவது 'மக்கள் பத்திரிகை', என்றொரு நாளேடு வந்தது. யானாச்செக்கே அதில் பத்தி எழுதுவார். 1920இல் அதில் ஒரு பெண் நரியைப் பற்றிய சித்திரத் தொடர்கதை வந்தது. வீட்டுப் பணிப்பெண் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்ததைக் கண்டே யானாச்செக் அந்தக் கதையில் நாட்டங்கொண்டார் என்பது அந்தப் பணிப்பெண்ணின் நினைவு. தொடர்கதை 1924இல் 'தந்திரக்கார நரிக்குட்டி' என்ற இசை நாடகமாயிற்று. அதன் முடிவில் முதுமையடைந்த காட்டதிகாரி பழைய இடத்தில் ஒரு தவளையைக் காண்கிறார். முன்பு பார்த்த அதே தவளை என்று நினைக்கிறார். அது நானல்ல, என் பாட்டன் என்கிறது தவளை. இயற்கை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே போகிறது என்பதைச் சொல்ல அவருக்கு ஒரு தவளை போதுமாயிருந்தது.

நம் துணைக்கண்டத்தின் குரலொன்றும் அந்தக் கொப்பிக்குள் புகுந்தது. 1921 ஜூன் மாதம் ரவீந்திரநாத் தாகூர் பிராக் வந்தபோது யானாச்செக் அவருடைய உரையைக் கேட்கச் சென்றார். மொழி புரியாது. ஆனால் குரலின் ஏற்ற இறக்கங்களைச் சுரமாக எழுதிக்கொண்டு, அதுபற்றித் தம் பத்திரிகையில் எழுதினார். மறு ஆண்டு தாகூரின் 'தோட்டக்காரன்' தொகுதியிலுள்ள ஒரு கவிதைக்குக் குழுப்பாடலாக இசையமைத்தார். இரும்பைப் பொன்னாக்கும் கல்லைத் தேடி அலையும் பித்தனின் கதை அது. கற்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் பாராமலே எறிந்த பழக்கத்தில், இடுப்புச் சங்கிலி எப்போது பொன்னாயிற்று என்று அவனுக்குத் தெரியாமற் போய்விடுகிறது. எந்தக் கல்லையும் பாராமல் எறியாத யானாச்செக்குக்கு அந்தக் கவிதை பிடித்துப்போனதில் வியப்பில்லை.

1928 ஆகஸ்ட் மாதம் கமிலாவும் அவளுடைய சிறு மகனும் ஹுக்வால்டியில் விருந்தினராக இருந்தபோது யானாச்செக்குக்குத் தடிமன் பிடித்து நிமோனியாவாக மாறியது. ஒஸ்ராவா நகர மருத்துவமனையில் ஆகஸ்ட் 12ஆம் திகதி காலமானார். பிர்னோவில் நடந்த இறுதி நிகழ்வில் அந்த நரிக் கதையின் கடைசிக் காட்சியை இசைத்தார்கள். 'மரண வீட்டிலிருந்து' அவர் இறந்த பின், 1930இல் மேடை கண்டது.

இரண்டு குறிப்பேடுகள்

இன்று அவர் பெயர் இசையுலகுக்கு வெளியிலும் பரவியிருக்கிறது. நாவலாசிரியர் மிலன் குந்தெராவின் தந்தை யானாச்செக்கின் மாணவர். குந்தெராவும் தம் கட்டுரைகளில் அவரைப் பற்றி விரிவாக எழுதினார். 2009இல் வெளிவந்த ஹருகி முரகாமியின் '1க்யூ84' நாவல் யானாச்செக்கின் 'சின்பொனியெட்டா' ஒலிக்கும் காட்சியோடு தொடங்குகிறது. 2017இல் யுனெஸ்கோ அவருடைய ஆவணத் தொகுதியை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இப்போது ஒல்காவின் கட்டிலருகே மீண்டும் வருவோம். கல்நெஞ்சமா, பாசமா?

அந்தக் குறிப்புகளை அவர் விற்பனைக்கு எழுதவில்லை. மற்றவர்கள் இறந்தவரின் கூந்தலையோ உடுப்பையோ பேணி வைப்பதுபோல, அவர் மகளின் குரலைப் பேணி வைத்தார். மனிதரின் உயிர் அவர்கள் பேச்சில் இருக்கிறது என்று நம்பிய ஒருவருக்கு, போகும் உயிரைப் பிடித்து நிறுத்த அதைத் தவிர வேறு கருவி இருக்கவில்லை. அதனால் நான் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டேன்.

ஆனால் அதே அறையில் இன்னொருவரும் இருந்தார்: தாய் ஸ்தெங்கா. சந்தைக்காரியின் குரலில் அவளது மனத்தை அறிந்த யானாச்செக், சொந்த வீட்டில் தம்மோடு வாழ்ந்த பெண்ணின் குரலைக் கேட்டாரா? இரு பிள்ளைகளையும் பறிகொடுத்த அவர், 'யெனூபா' பிராக்கில் வெற்றி பெற்ற 1916இல், கணவர் அந்த நாடகத்தின் பாடகியொருவரோடு கொண்ட தொடர்பால் மனமுடைந்து தற்கொலைக்கு முயன்றார். மறு ஆண்டு இருவரும் சட்டத்துக்கு வெளியே ஓர் உடன்பாட்டில் பிரிந்து, ஒரே கூரையின் கீழ் வேறு வேறாக வாழ்ந்தார்கள். அதன் பிறகே கமிலாவின் கடிதங்கள்.

கணவர் இறந்த பின் ஸ்தெங்கா தம் வாழ்க்கையை இன்னொரு பெண்ணிடம் சொல்லி எழுதுவித்தார். 1938இல் அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்த பின், 1998இல், அந்த நினைவுகள் நூலாயின. ஒல்கா தன் தகப்பனிடம் 'யெனூபா'வை வாசிக்கச் சொன்ன கதை நமக்கு அதன் வழியாகவே முழுமையாகக் கிடைக்கிறது. கணவரின் கொப்பியில் மகளின் குரல் இருக்கிறது. மனைவியின் நூலில் அந்த வீட்டின் மௌனம் இருக்கிறது.

நேயர்கள் யானாச்செக்கைக் கேட்க விரும்பினால் 'யெனூபா'வின் இரண்டாம் அங்கத்திலிருந்து தொடங்கலாம். காய்ச்சலிலிருந்து எழுந்த யெனூபாவுக்குக் குழந்தை இறந்த செய்தி சொல்லப்படும் இடம் அது. அவள் கதறுவதில்லை. அவளுடைய பாட்டு ஏறக்குறைய பேச்சின் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. கேட்டு முடிந்ததும் ஸ்தெங்காவின் நூலையும் தேடி வாசியுங்கள்.